பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே

மறதி நோய் கண்ட ஒருவரின் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது நான் நோயைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. “வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் எங்க வைச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்பேன். நிலாவெளியில் இந்தக் கேள்விக்கு எவரும் முகம் சுளிப்பதில்லை. 1990 போரில் இரவோடிரவாக வெளிக்கிட்டவர்களும், தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் ஏறி வந்ததைக் கண்ணால் கண்டவர்களும் வாழும் கரை இது. இங்கே அனேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், செத்துப்போனவர்களின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, ஓடுகிற நேரத்தில் கையெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். அதை எடுத்து வந்து பாயில் பரப்பியதும் பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

வரப்போகும் கெட்ட நாளை வாயால் சொல்வது எங்கள் சனத்துக்கு அபசகுனம். “உப்பிடிச் சொல்லாதேங்கோ மிஸ்” என்று பல அக்காமார் என் வாயைப் பொத்தாத குறையாகத் தடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையை ஆயத்தமாக வைத்திருப்பதை யாரும் அபசகுனம் என்று நினைப்பதில்லை. ஓடித் தப்பிய அனுபவம் கொடுத்த புத்தி அது. மறதி நோய் இருக்கும் வீட்டிலும் அந்தப் புத்தியைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குப் போகும் வீதியோரக் கிராமங்களில் வீடு வீடாகப் போகும் மனநலப் பணி என்னுடையது. சாம்பல்தீவு, நிலாவெளி, கோபாலபுரம், இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று நீளும் பாதை. இங்கே நான் சொல்லும் வீடுகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புற்றுநோய்க்காரரிடம் பெரும்பாலும் கடைசிக் கிழமையிலும் “என்ன செய்யட்டும்?” என்று கேட்கலாம். இருதய வருத்தக்காரரிடமும் கேட்கலாம். மறதி நோயில் அந்த வசதி இல்லை. கேட்க வேண்டிய விசயங்கள் கூடக் கூட, பதில் சொல்லக்கூடிய ஆள் தேய்ந்துகொண்டே போகிறார். பெரிய முடிவுகள் எல்லாம் நோயின் பின்பாதியில் வந்து நிற்கும். அந்த நேரம் அம்மா “ஓம்” என்றால் அது எதற்கான ஓம் என்று பெற்ற மகளுக்கே தெரியாது. ஆகவே நாளைக்குத் தேவைப்படும் பதில்களை இன்றைக்கே அவர் வாயால் கேட்டு எழுதி வைக்கும்படி வீட்டுக்காரரைப் பழக்குகிறேன். மருந்து, பராமரிப்பு, பயிற்சி என்று மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. மறதி என்றதும் அதை மறதி நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. “வயசு போனா அறளை பெயரத்தானே செய்யும்” என்று விட்டுவிடவும் கூடாது. தைரொயிட் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, நித்திரைக்குளிசை, காது கேளாமை ஆகிய ஒவ்வொன்றும் மறதி போல வேசம் போடும். இவற்றில் பலவற்றைச் சரிப்படுத்தலாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் இருக்கிறது. அங்கே போய் இரத்தம் பரிசோதித்து, வைத்தியர் சொன்ன பிறகுதான் பதில்களை எழுதும் கொப்பியைத் திறப்பேன். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் தலைகீழாக மாறினால், அது மறதி நோய் முற்றியது என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சலக்கிருமி, மலச்சிக்கல், கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் போதாமை ஆகியவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவற்றை ஆஸ்பத்திரியில் மாற்றலாம்.

இது அபூர்வமான நோயும் அல்ல. இலங்கையின் ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு இருந்தது. உலகம் முழுவதும் 5 கோடி 50 இலட்சம் பேருக்கு மேல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள்; அதற்குப் பிறகு அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. எங்கள் கிராமங்களில் இளம் ஆட்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்விட, மிஞ்சிய வீடுகளில் வயதானவரும் அவரைப் பார்க்கும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள்.

கேட்பது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் யோசித்த விசயம்.

ஒரு வீட்டில் மகள் என்னைப் படலையிலேயே மறித்து, “அவவுக்கு ஒண்டும் விளங்காது மிஸ், என்னட்டயே கேளுங்கோ” என்றார். அம்மா உள்ளே விறாந்தையில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கதிரையை விட்டுப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். தொலைக்காட்சியை நிற்பாட்டச் சொன்னேன். காலைச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணி. இந்த நோயில் காலை நேரம் தெளிவானது, பொழுது சாயும் நேரம் கலக்கமானது. அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் காலையில்தான் கேட்பேன். கொஞ்ச நேரம் நானும் கல் பொறுக்கினேன். பிறகு கேட்டேன்: “அம்மா, ஒரு காலத்தில உங்களுக்குத் தனியக் குளிக்க ஏலாமப் போனா, ஆர் உங்களைக் குளிப்பாட்ட வேணும்?”

மகள் பதில் சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டித் தடுத்தேன். அம்மாவின் விரல்கள் அரிசிக்குள் அளைந்துகொண்டே இருந்தன. கேள்வி போய்ச் சேர்வதற்கும், பதில் கிளம்பி வருவதற்கும் அவருக்கு நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் யாராவது வாய் வைத்தால் எல்லாம் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல நேரம் கழித்து, தலை நிமிராமலே சொன்னார்: “மோள் வேண்டாம். அவளுக்கு நாரி ஏலாது. என்ர தங்கச்சியக் கூப்பிடுங்கோ.”

மகள் அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டார். தன் நாரி வலியை அம்மா கவனித்திருக்கிறார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் “அவவுக்கு விளங்காது” என்ற பேச்சே எழவில்லை.

“உங்களுக்கு என்ன விருப்பம் அம்மா?” என்று பொதுவாகக் கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. சுகமாக இருக்கும் எனக்கே முடியாது. கண்ணுக்கு முன்னால் நிற்கும் காரியமாகக் கேட்க வேண்டும். இரவில் விளக்கு எரியட்டுமா, அணைக்கட்டுமா? ஆம்பிளைப் பிள்ளை உடுப்பு மாற்றினால் கூச்சமாக இருக்குமா? கட்டில் கடல் பக்கமா, ரோட்டுப் பக்கமா? எந்தச் சாப்பாட்டைக் கண்ணிலும் காட்டக் கூடாது? அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா, வீட்டிலேயே பார்க்கட்டுமா? ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ கேள்விதான். முக்கியமான கேள்வியை வேறு வேறு நாட்களில், வேறு வேறு சொல்லில் திரும்பவும் கேட்பேன். அதே பதில் வந்தால் எழுதிக்கொள்வேன். மாறி மாறி வந்தால் அதையும் அப்படியே எழுதி வைப்பேன், ஏனென்றால் பிறகு வீட்டுக்காரர் அதைப் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்து சண்டை பிடிக்காமல் இருக்க உதவும்.

எழுதுவதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாதாரணக் கொப்பி போதும். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் தாள் இல்லை அது. நடு இரவில் கை நடுங்க முடிவெடுக்கும் மகளுக்கானது. பத்திரப் பையிலேயே இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பது: சிலர் பெயருக்குத் திரும்ப மாட்டார்கள், “ரீச்சர்” என்றால் திரும்புவார்கள். அடுத்த பக்கத்தில் அவர் வாழ்ந்த இடங்கள் எல்லாம் வரிசையாக.

இந்த இடப் பட்டியலை நான் மிகவும் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மறதி நோய்க்காரர் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போனால் எல்லோரும் “எங்கயோ திரியிறார்” என்பார்கள். அவர் எங்கேயோ போவதில்லை. வீட்டுக்குப் போகிறார். எந்த வீடு என்பதுதான் கேள்வி. இந்தக் கரையில் ஒருவருக்கு நாலைந்து வீடு இருந்திருக்கும்: பிறந்த வளவு, கலியாணம் கட்டிப் போன வீடு, முகாம், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. 2005இல் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை போட்டார்கள். அந்தத் தடை பிறகு தளர்ந்தது, ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் உள்ளே வீட்டுத்திட்டங்களுக்குப் போய்விட்டன. அங்கே பத்து இருபது வருடம் இருந்தவருக்கு நோய் வரும்போது அந்தப் பத்து இருபது வருடம்தான் முதலில் அழிகிறது. பொழுதுபட்டதும் “வீட்ட போவம்” என்று கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்குகிறார். அவர் தேடும் வீட்டின் அத்திவாரம்கூட இப்போது அங்கே இல்லை, ஹோட்டல் மதில் நிற்கிறது.

“இதுதானே உங்கட வீடு” என்று வாதாடிப் பயனில்லை. “எந்த வீட்டுக்கு? ஆர் ஆர் அங்க இருக்கினம்?” என்று கேட்டபடி கூட நடந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கூட்டி வரலாம். திட்டம் போட வேண்டியது அதற்கு முதல். தொலைந்த ஒருவரை முதலில் காணப்போவது யார்? விடியப்புறம் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர், கரைவலை இழுப்பவர்கள், ஹோட்டல் வாசல் காவலாளிகள், சுபஹுத் தொழுகைக்குப் போகிறவர்கள். இவர்களிடம் முன்கூட்டியே படத்தைக் காட்டி, போன் நம்பர் கொடுத்து வைக்கச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு இது கூச்சம். ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பார்கள். ஊருக்குச் சொன்ன வீட்டு மனிதர் அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பக்கத்து வீடுகளும் சொல்லத் தொடங்கின.

சில வீடுகளில் பொழுதுபடும்போது வேறொன்று நடக்கும். அம்மம்மா உடுப்பை மூட்டை கட்டி, பேரப்பிள்ளைகளை எழுப்பி, “ஆமி வாறான், வெளிக்கிடுங்கோ” என்பார். இன்னொருவர் கடல் இரைச்சல் கூடினால் பிள்ளையைத் தேடுவார், 2004இல் போன பிள்ளையை. இப்படி வரக்கூடும் என்று முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்லி வைத்தால் பாதிப் பயம் குறையும். போர் முடிந்துவிட்டது என்று விளக்கப்படுத்தக் கூடாது. பிள்ளை செத்துவிட்டது என்று திரும்பச் சொல்லவே கூடாது. சொன்னால் அந்தத் தாய் அன்றைக்குத்தான் அதைக் கேட்பதுபோல் கேட்பார், ஒவ்வொரு நாளும். கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து “எல்லாரும் உள்ளுக்க நிக்கினம் அம்மா” என்றால் போதும். இரவு எந்த மகன் பக்கத்தில் படுப்பது என்று கொப்பியில் எழுதியிருக்க வேண்டும்.

காணியும் காசும் பேசுவதற்கு எல்லோருக்கும் கசக்கும். ஆனால் பிந்தினால் திருத்தவே முடியாதது இதுதான்.

இந்தப் பக்கத்துக் காணிகளில் பல அரச அனுமதிப்பத்திரக் காணிகள், பெர்மிட் காணி என்பார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிட் வைத்திருப்பவர் தனக்குப் பின்னால் யார் என்று பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதியலாம். பிரதேச செயலகத்தில் செய்யும் வேலை. ஆள் தெளிவாக இருக்கும்போது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். பதியாமல் விட்டால் வாழ்க்கைத் துணைக்குப் பிறகு சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும். அந்த வரிசை ஆணை முன்னுக்கு வைத்திருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் வயதில் மூத்த பிள்ளை முன்னுக்கு வரும். இத்தனை வருடம் மலசலம் அள்ளிய கடைசி மகளுக்கு என்று அதில் தனி இடம் இல்லை. இதைச் சொன்ன பிறகு பல வீடுகளில் அப்பாவே எழும்பிச் சேட்டைப் போட்டுக்கொண்டு “நடவுங்கோ செயலகத்துக்கு” என்றிருக்கிறார். தன் கையால் செய்த கடைசிப் பெரிய காரியம் அதுவாக இருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் அதைத் தவறாக நம்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்தகைமைச் சட்டத்தின் கீழ் எழுதும் பத்திரம் கொடுத்தவரின் புத்தி தடுமாறிய பிறகும் நிலைக்கும். லண்டனில் இருக்கும் மகன் அதை நினைத்துக்கொண்டு “அம்மாட்ட ஒரு பவர் ஒப் அற்றோணி எடுத்து வையுங்கோ, எப்பவும் பாவிக்கலாம்” என்கிறார். இலங்கையில் அப்படி நிலைக்கும் பத்திரம் கிடையாது என்பதுதான் சட்டத்தரணிமார் எங்களுக்குச் சொல்லித் தந்தது. கொடுத்தவருக்கு விளக்கம் போனால் பத்திரத்தின் வலுவும் போகும். அதற்குப் பிறகு குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், வைத்தியச் சான்று வைத்து, சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். செலவும் அலைச்சலும் நிறைந்த வழி. ஆகவே உறுதி எழுதுவதோ, மரணசாசனமோ, வங்கியில் கூட்டுக் கணக்கோ, எதுவானாலும் கையெழுத்து ஒழுங்காக விழும் காலத்தில் செய்து முடிக்க வேண்டும். கையெழுத்து மாறத் தொடங்கினால் வங்கியில் ஒவ்வொரு மாதமும் பென்சன் எடுப்பதே போராட்டமாகும். வங்கி முகாமையாளரை முன்கூட்டியே கண்டு, பெருவிரல் அடையாளத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வைத்தவர்களுக்கு அந்தப் போராட்டம் இருக்கவில்லை.

அண்ணன் தங்கச்சி சண்டை எல்லாம் இந்தப் பகுதியில்தான் வெடிக்கும். எல்லோரும் இருக்கும் இடத்தில், நோயாளியும் இருக்க, நொத்தாரிசு முன்னால் செய்யுங்கள் என்பதைத் தவிர நான் அதில் தலையிடுவதில்லை.

உடம்பைப் பற்றி ஒன்று. கண்ணில் வெண்படலம் இருந்தால் சத்திரசிகிச்சையை இப்போதே செய்துவிட வேண்டும். இன்னும் இரண்டு வருடம் போனால் மேசையில் அசையாமல் படுக்க அவரால் முடியாது. கெட்ட பல்லும் அப்படித்தான். காதுக்குக் கருவி போடுவதென்றால் அதைப் பழகிக்கொள்ளும் மூளை இருக்கும்போதே போட வேண்டும். கண்ணும் காதும் மங்கியவருக்கு மறதி இரட்டிப்பாகத் தெரியும்.

வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பேன். கிணற்றுக்கு மூடி உண்டா? மலசலகூடம் வளவின் பின்மூலையில் இருக்கும். இரவில் அதுவரை போக இன்னும் எத்தனை காலம் முடியும்? மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில் இருக்கிறதா? கடலுக்குப் போகும் அப்பா என்றால், எப்போது நிற்பாட்டுவது, யார் சொல்வது என்ற கேள்வி வரும். மகன் சொன்னால் கேட்க மாட்டார், கூடத் தொழிலுக்குப் போகும் சிநேகிதர் சொன்னால் கேட்பார். போட்டை நிற்பாட்டினால் கையில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அறுந்த வலையைக் கொடுத்தால், பேரனின் பெயர் தெரியாத கைகள் முடிச்சைப் பிழையில்லாமல் போடும்.

பார்ப்பது யார் என்பதை ஒருவரின் தலையில் கட்டி எழுதக் கூடாது. கொப்பியில் “மகள்” என்று மட்டும் இருந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வேன். இந்த ஊரின் வருமானம் பருவத்தோடு மாறுவது. சித்திரை வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சுற்றுலாச் சீசன். ஹோட்டல்களில் வேலை, புறாத்தீவுக்குப் படகு ஓட்டம், மருமகளும் வேலைக்குப் போவார். மாரியில் கடல் குழம்பி, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பராமரிப்பு முறையையும் அப்படியே இரண்டாகப் பிரிக்கலாம்: மாரியில் மகன் இரவுக்குப் பொறுப்பு, சீசனில் அம்மாவின் தங்கச்சி பகலுக்கு வந்து நிற்பார், வெளிநாட்டில் இருப்பவர் அவருக்குக் கொடுக்கும் காசை மாதம் முதலாம் திகதி அனுப்புவார். காசு அனுப்புகிறவர் வாட்ஸ்அப்பில் வந்து வைத்தியம் சொல்வதும் குறைய வேண்டும். “முடிவெடுக்கிறது ஆர்?” என்ற தலைப்பில் ஒரே ஒரு பெயர், அவர் இல்லாவிட்டால் இன்னொரு பெயர், எல்லோரின் கையெழுத்தோடும். கனடாவில் இருப்பவர் வீடியோவில் பார்த்து “ஓம்” சொன்ன திகதியையும் எழுதுவோம். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒருவருமே கைகொடுக்காத வீட்டில்தான் அதை நான் எடுத்துப் பேசுவேன். பேசினால் வேலை செய்கிறது.

முஸ்லிம் வீடுகளில் என்னிடம் முதலில் சொல்லும் கவலை வேறாக இருக்கும். “வாப்பா தொழுததை மறந்து திரும்பத் தொழுகிறார், வுழு எடுத்துக்கொண்டே இருக்கிறார், நோன்பை முறிக்கிறார், மறுமையில என்ன ஆகும்?” அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. பள்ளிவாசல் மௌலவியை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்வேன். விளக்கம் போனவர் மீது கடமை இல்லை என்று அவர் வாயால் கேட்ட பிறகு அந்த வீட்டின் முகமே மாறும். அதற்குப் பிறகுதான் மற்றத் திட்டங்களுக்கு அவர்களால் காது கொடுக்க முடியும். சைவ வீடுகளில் விரதம் பிழைத்துப் போவதைப் பற்றியும் இதே கவலை உண்டு. ஐயரோ, வயதான ஒரு மாமியோ சொன்னால் தீரும்.

கடைசிக் கட்டத்துச் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முன்யோசனை இல்லாத வீடுகள் அதிகம் தவிப்பது இங்கேதான். மூளை தேயும்போது விழுங்குவதும் மறந்து போகும். எங்கள் வீடுகளில் காலை மாலை புட்டு. உதிரியாக இருக்கும் புட்டு வாய்க்குள் பரவி, சில மணிகள் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமல் வரும், வராமலும் போகும், அதுதான் ஆபத்து. வெறும் தேத்தண்ணியும் வேகமாக ஓடிப் புரையேறும். சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம், குழைந்த கஞ்சி, கூழ், மசித்த வாழைப்பழம் ஆகியவை நாக்கில் திரண்டு மெதுவாக இறங்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, தேக்கரண்டியில் அரைவாசி. தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்தது. முடிந்த பிறகு அரை மணித்தியாலம் படுக்க வைக்கக் கூடாது. நானே ஊட்டிக் காட்டுவேன், பிறகு மகளின் கையில் கரண்டியைக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பேன். முதலில் எல்லோரும் அவசரப்படுவார்கள். அடுப்பில் வேலை, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் நேரம். ஒரு சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும் என்பதையும் அந்த நேரத்துக்கு அடுப்பை யார் பார்ப்பது என்பதையும் கொப்பியில் எழுத வைப்பது இதனால்தான்.

பிறகு ஒரு நாள் கரண்டியும் வேண்டாம் என்று வாயை மூடுவார். ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாய் போடட்டுமா என்று கேட்பார்கள். முற்றிய மறதி நோயில் குழாயால் ஊட்டுவது ஆயுளைக் கூட்டுவதாகவோ, சளிக்காய்ச்சலைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம்கூடக் கையால் கவனமாக ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டி வைக்கவும் நேரும். ஆனால் இந்த உண்மையை அந்த வார்ட்டு வாசலில் நின்று சொன்னால், “அம்மாவைப் பட்டினி போடச் சொல்லுறீங்களோ” என்றுதான் மகளுக்குக் கேட்கும். நோய் தொடங்கிய காலத்திலேயே அம்மாவிடம் கேட்டிருந்தால் கதை வேறு. சுளகோடு இருந்த அந்த அம்மாவிடம் கேட்டபோது, “வாய் திறந்தாத் தாங்கோ, திறக்காட்டி விடுங்கோ” என்றார். வேறு வேறு நாட்களில் கேட்டபோதும் அதேதான். மகள் தன் கையால் அதைக் கொப்பியில் எழுதினார். நாள் வந்தபோது அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து தன் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினார். ஈரத்துணியால் உதட்டை நனைத்தார், அம்மாவின் தங்கச்சி வந்து குளிப்பாட்டினார். மகள் தன்னைக் குற்றவாளியாக நினைக்காமல் அழுதார். இந்த வேலையில் என்னால் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நம்புகிறேன்.

எப்போது ஆஸ்பத்திரி, எப்போது வீடு என்பதும் அதே கொப்பியில் இருக்க வேண்டும். விழுந்து எலும்பு முறிந்தால், வலியில் முனகினால், மூச்சு இழுத்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்கலாம். வலியைக் குறைக்க எப்போதும் போகலாம், போக வேண்டும். மற்றவற்றை முன்கூட்டியே வைத்தியரோடு பேசி வைக்கலாம். பொதுவாக நாலு முதல் எட்டு வருடம் நீளும் நோய், சிலருக்கு அதற்கும் மேலே. இவ்வளவு நீண்ட பாதையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திறந்து, நடந்தவற்றை அடித்து, வரப்போவதை எழுத வேண்டும்.

பார்க்கிறவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. கிழமையில் எந்த நாள், எத்தனை மணிக்கு, அவர் வீட்டை விட்டு வெளியே போவார், அந்த நேரம் யார் நிற்பார் என்று அதில் இருக்கும். எல்லோரும் கடைசியாக நிரப்பும் பக்கம் இது, பலர் நிரப்பாமலே விடும் பக்கமும்கூட. நித்திரை இல்லாமல், பேச ஆள் இல்லாமல் ஒரு பெண் வருடக்கணக்கில் நின்றால் நோயாளிக்கு முதல் அவர் விழுவார். மனம் தாங்காத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம். அந்த இலக்கத்தை அடுப்படிச் சுவரில் எழுதச் சொல்கிறேன். ஆனால் போன் பேச்சு நித்திரைக்கு ஈடாகாது. கொழும்பில் 2001 முதல் இயங்கும் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேசனின் நிலையத்தில் மறதி நோய்க்காரர் பகலில் வந்து இருந்து, பாடி, கைவேலை செய்துவிட்டுப் போகலாம். நிலாவெளியிலிருந்து அது இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல்.

அப்படியொரு இடம் இந்த வீதியில் வேண்டும். பெரிதாக வேண்டாம். கிராமங்களில் முதியோர் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டம் இல்லாத நாட்களில் அவர்கள் கூடும் இடம் கிடைத்தால் தொடங்கலாம். கிழமைக்கு இரண்டு காலை, எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை. பூட்டக்கூடிய படலை, கழுவக்கூடிய பாய், பக்கத்திலேயே மலசலகூடம், பயிற்சியும் கூலியும் பெறும் இரண்டு பெண்கள், மீனவர் சங்கத்திலிருந்து பழைய வலை, வீடுகளிலிருந்து சுளகும் அரிசியும். வெளிநாட்டிலிருந்து தாய் தகப்பனுக்குக் காசு அனுப்பும் பிள்ளைகள் ஒரு மாதத்துப் பணத்தில் கொஞ்சத்தை இதற்குத் திருப்பிவிட்டால் முதல் வருடத்தை ஓட்டிவிடலாம். சாம்பல்தீவிலிருந்து கும்புறுப்பிட்டி வரை எந்த வீட்டிலிருந்து யாரை ஓட்டோவில் ஏற்றி வர வேண்டும் என்ற பட்டியல் என்னிடம் ஆயத்தமாக இருக்கிறது.